பச்சை வராத குழந்தை

குழந்தை பிறந்தவுடன் அழுதது. அது செய்த முதல் தப்பு அதுதான்.

வேறு இடமாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு நாலு பேர் முகம் மலர்ந்திருக்கும். பிரசவ அறைக்கு வெளியே ஃபிளாஸ்க்கும் கையுமாக நின்றிருந்த பெயிண்டரின் தோளை யாராவது தட்டியிருப்பார்கள். இங்கே கதவைத் திறந்துகொண்டு வந்த அளவீட்டுப் பெண், கையிலிருந்த டேப்லட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "குழந்தையோட அப்பா யாரு?" என்று கேட்டாள்.

"நான்தாங்க."

"பொண்ணு. சிவப்பு."

"சிவப்பா? நாங்க ரெண்டு பேருமே கறுப்புங்களே," என்றான் கூச்சத்தோடு.

"நிறத்தைச் சொல்லல சார். மன அழுத்தத்தைச் சொல்றேன். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு இருக்கு. உங்க குழந்தை வந்ததுமே சிவப்பு. கத்துச்சே, கேட்டீங்களா இல்லையா?"

கேட்டான். கேட்டதும் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைச் சொன்னால் தன்னையும் ஏதாவது ஒரு கலரில் சேர்த்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டான்.

அந்த மருத்துவமனை அவனுக்குப் புதிதில்லை. போன வருஷம் 'பச்சிளங்குழந்தை மன அழுத்த அளவீட்டுப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கியபோது, அந்தப் பகுதி முழுக்கச் சுவருக்கு வண்ணம் அடித்தவன் அவன்தான். எந்தப் பச்சை குழந்தைகளுக்கு நிம்மதி தரும் என்று ஆராய ஒரு குழு போட்டிருந்தார்கள். குழு பல மாதம் கூடிப் பேசி, 'அமைதிப் பச்சை' என்று ஒரு பெயரைக் கண்டுபிடித்தது. நிறத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் பெயிண்டர், ஒரு பள்ளிக்கூடக் கழிவறைக்கு அடித்து மிஞ்சியிருந்த பச்சையில் கொஞ்சம் வெள்ளை கலந்து அடித்து வைத்தான். இயக்குநர் வந்து பார்த்து, நீண்ட மூச்சு ஒன்று இழுத்துவிட்டு, தன் மனசே லேசாகிவிட்டதாகச் சொன்னார். அன்றைக்குப் பெயிண்டர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். அந்தச் சுவருக்குப் பின்னால் தன் குழந்தையைக் கொண்டுபோய் வைப்பார்கள் என்று அப்போது அவன் நினைத்தும் பார்க்கவில்லை.

குழந்தையை 'அமைதி அறை'க்குக் கொண்டுபோனார்கள். தாயின் முகத்துக்கு நேரே ஒருமுறை காட்டியதோடு சரி. அறையில் மங்கலான விளக்கு. காலில் ஒரு பட்டை மாட்டி, அதிலிருந்து நாடித்துடிப்பு திரைக்குப் போகும். தலைக்கு மேலே ஒரு கேமரா நெற்றிச் சுருக்கத்தை எண்ணிக்கொண்டிருக்கும். வாய்க்குள் ஒரு பஞ்சை வைத்து எச்சில் எடுத்து, அதில் அழுத்தம் எவ்வளவு என்று சோதிப்பார்கள். சுவரில் விதிகள் ஒட்டியிருந்தன. குழந்தையைத் தேவையில்லாமல் தொடக் கூடாது. குழந்தையிடம் பேசக் கூடாது. மனிதப் பார்வை அழுத்தம் தரும் என்பதால் குழந்தையை நேராகப் பார்க்கவும் கூடாது. ஆகவே அந்த அறையில் வேலை செய்கிறவர்கள், சண்டை போட்ட சம்பந்திகளைப் போல, குழந்தைகளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரையை மட்டும் பார்த்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்ற பெயிண்டருக்கு அது ஏதோ பெரிய படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று பட்டது.

மதியம் ஆயிற்று. குழந்தையின் அழுகை கதவைத் தாண்டி வார்டுவரை கேட்டது.

"ஏங்க, பசிக்குது அதுக்கு," என்றாள் அவன் மனைவி. அவள் ஒரு செல்போன் கடையில் வேலை செய்கிறவள்; வருகிற ஆட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தினாலும் நிதானம் இழக்காதவள். இப்போது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நனைந்துபோன நைட்டியின் முன்பக்கத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தாள். "பால் கட்டி வலிக்குது. போய்க் கேளுங்க. கையோட வாங்கிட்டு வாங்க."

பெயிண்டர் போய்க் கேட்டான்.

"பால் குடுக்க முடியாது சார்," என்றாள் அளவீட்டுப் பெண். "பால் குடிச்சா எச்சில் கெட்டுப்போயிரும். சாம்பிள் தப்பாகும். பச்சை வந்ததும் கட்டாயம் குடுத்துருவோம்."

"எப்ப வரும்மா பச்சை?"

"அழுகையை நிறுத்தினா வரும்."

"பசிக்குதுன்னுதானேம்மா அழுவுது?"

"அது உங்க ஊகம் சார். அது ஏன் அழுவுதுங்கறது எங்க பிரிவு இல்ல."

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. பேசும்போது அவள் முகத்தில் களைப்புதான் இருந்தது. ஆனால் அவள் கண் ஒரு முறைகூட அந்தச் சிறு தொட்டிலின் பக்கம் போகவில்லை. பெயிண்டர் கையைப் பிசைந்துகொண்டு இயக்குநரின் அறைக்கு நடந்தான்.

இயக்குநர் நல்ல மனுஷர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். யாரையும் அதட்ட மாட்டார். உள்ளே வந்து கும்பிட்ட பெயிண்டரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினார்.

"முன்னாடியெல்லாம் குழந்தை அழுதா, ஏன் அழுவுதுன்னு பார்த்து, ஏதோ ஒண்ணு பண்ணி நிறுத்திருவாங்க. அவ்வளவுதான். அந்த அழுகை வீணாப் போயிரும். எவ்வளவு அழுதுச்சுன்னு யாருக்குமே தெரியாது. யோசிச்சுப் பாருங்க, எத்தனை தலைமுறை அழுகை, கணக்கே இல்லாம போயிருக்கு. இப்ப நாங்க ஒரு துளியைக்கூட விடறதில்ல."

"சார், ஒரே ஒரு தடவை பால் குடிச்சிருச்சுன்னா..."

"அங்கதான் நீங்க தப்பு பண்றீங்க. சிவப்புல இருக்கற குழந்தையை அம்மாகிட்ட குடுத்தா அம்மாவுக்கும் அழுத்தம் ஒட்டிக்கும். அப்புறம் ரெண்டு பேரை அளக்கணும். எங்ககிட்ட அவ்வளவு ஆள் இல்ல."

பெயிண்டர் தலையாட்டினான். வெளியே வந்தபிறகுதான், எதற்குத் தலையாட்டினோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அவன் முறையிட்டதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. சற்று நேரத்தில் அளவீட்டுப் பெண் வார்டுக்கு வந்து, துணியில் சுற்றிய ஒன்றை அவன் மனைவியின் மடியில் வைத்தாள். அவள் ஆவலோடு துணியை விலக்கினாள். பொம்மை. தோல், முடி, எடை எல்லாம் பிறந்த குழந்தைக்குச் சமமாகச் செய்த பொம்மை. உள்ளே ஒரு மோட்டார் இதயம் போலத் துடித்தது. அதன் காலிலும் ஒரு பட்டை இருந்தது.

"பயிற்சிப் பொம்மை," என்றாள் அளவீட்டுப் பெண். "குழந்தை வர்ற வரைக்கும் சும்மா இருக்காம, தூக்கிப் பழகலாம். பால் குடுக்கற மாதிரி வெச்சுக்கலாம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் வெச்சுக்கலாம், கட்டுப்பாடு கிடையாது. வெளிய மட்டும் கொண்டுபோகக் கூடாது, கேட்ல மணி அடிக்கும். மருத்துவமனைச் சொத்து."

அவன் மனைவி பொம்மையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போது அமைதி அறையிலிருந்து அழுகை மறுபடி கிளம்பியது. அவள் மார்பிலிருந்து பால் சொட்டி, பொம்மையின் ரப்பர் கன்னத்தில் விழுந்து வழிந்தது. பெயிண்டர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். எதிரே அவன் அடித்த பச்சை. தன் கையாலேயே அதைச் சுரண்டி எடுக்க வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் பொம்மையைச் சார்ஜ் போட எடுத்துப்போனார்கள். சார்ஜ் போடும் இடம் அமைதி அறையிலேயே, குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்துத் தொட்டில். அங்கே பொம்மையையும் துடைத்துச் சுத்தம் செய்தார்கள், குழந்தையையும் துடைத்துச் சுத்தம் செய்தார்கள். இரண்டின் பட்டைகளையும் கழற்றி மருந்துத் தண்ணீரில் போட்டார்கள். விதிப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி மாட்டினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அளவீட்டுப் பெண் துணிச் சுற்றலோடு வார்டுக்கு வந்தாள். "இந்தாங்க, ஃபுல் சார்ஜ்," என்று கட்டிலில் வைத்துவிட்டு, டேப்லட்டைப் பார்த்தபடியே போய்விட்டாள்.

அவன் மனைவி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெயிண்டர்தான் ஓரமாக நகர்த்தி வைக்கலாம் என்று குனிந்து, அதன் உள்ளங்கையில் விரல் பட, அப்படியே நின்றான். கை மூடியது. வண்ணக் கறை போகாத அவன் விரலை ஒரு சின்னக் கை இறுகப் பிடித்துக்கொண்டது.

"ஏய்," என்று வாயைத் திறந்தான்.

"சத்தம் போடாதீங்க," என்றாள் அவள். அதற்குள் குழந்தை அவள் மார்பில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவனுக்கே தெரியவில்லை. அழுது அழுது தொண்டை கட்டிப்போன அந்த ஜீவன், முட்டி மோதித் தேடி, பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் குடித்தது. அவள் அழுதாள், சத்தம் வராமல் அழுதாள். வயிற்றில் பால் வார்த்தது என்று சொல்வார்களே, அதைப் பெயிண்டர் அன்றைக்குக் கண்ணால் பார்த்தான்.

"சொல்லிரலாமா?" என்றான் மெதுவாக.

"குழந்தையா இருந்தப்ப ஒரு சொட்டுப் பால் குடுக்க விடல. பொம்மைன்னா எவ்வளவு நேரம் வேணும்னாலும் வெச்சுக்கலாமாம். பேசாம உக்காருங்க."

அந்தப் பக்கம், அமைதி அறையில், திரை பச்சையாகிவிட்டிருந்தது.

ஒரே பச்சை. நாடி கடிகாரம் மாதிரி அடித்தது. நெற்றியில் சுருக்கம் இல்லை. எச்சில் எடுக்க வைத்த பஞ்சு வைத்தபடியே உலர்ந்து வந்தது. அதில் அழுத்தம் துளியும் இல்லை என்று சோதனை சொன்னது. முதலில் இயந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்தார்கள். வேறு இயந்திரம் கொண்டுவந்து, இந்த இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று அளந்தார்கள். சரியாகத்தான் அளந்தது. பச்சை வந்துவிட்டதே, இனிக் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிடலாமே என்று யாரோ ஒரு நர்ஸ் கேட்டாராம். இவ்வளவு அருமையான பச்சையைக் கலைக்க வேண்டாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவர் ஊழியர்களை எல்லாம் கண்ணாடிக்கு வெளியே நிற்க வைத்துப் பேசினார். பெயிண்டரையும் அவன் மனைவியையும் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவள் மடியில் 'பயிற்சிப் பொம்மை' வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் குழந்தை நமக்கெல்லாம் ஒரு வழிகாட்டி," என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. "பசிக்குதுன்னு கேக்கல. அம்மா எங்கன்னு கேக்கல. நம்மகிட்ட எதையுமே கேக்கல. வெச்ச இடத்துல இருக்கு. நாளைக்கு நாடு முழுக்க இப்படிக் குழந்தைங்க பிறந்தா, இந்த மாதிரி ஆஸ்பத்திரி நடத்தறது எவ்வளவு சுலபமா இருக்கும், நினைச்சுப் பாருங்க." எல்லோரும் குழந்தைக்கு அழுத்தம் வராதபடி சத்தமில்லாமல் கை தட்டினார்கள்.

அடுத்து வந்த நாட்களைப் பெயிண்டரும் மனைவியும் திருடர்களைப் போலக் கழித்தார்கள். சொந்தக் குழந்தையைச் சீராட்ட ஒளிந்து ஒளிந்து பழக வேண்டியிருந்தது. சார்ஜ் போட எடுத்துப்போக ஆள் வந்தால், அவன் மனைவி, "இன்னும் நிறைய சார்ஜ் இருக்குங்க. அடிக்கடி போட்டா பேட்டரி வீணாயிரும்," என்பாள். செல்போன் கடைக்காரி சொன்னால் மறுப்பதற்கு யாருக்கும் தோன்றவில்லை. குழந்தை அழுதால், "பயிற்சி நல்லா நடக்குது," என்று எட்டிப் பார்க்காமலே போனார்கள். அது நனைத்த துணிகளைப் பெயிண்டர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோய் அலசினான்.

வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. இயக்குநர் நேரில் வந்தார்.

"ஒரு வேண்டுகோள்," என்றார். "நம்ம பிரிவுக்கு அங்கீகாரம் குடுக்கறதுக்கு ஒரு குழு வருது. அவங்க பாக்கற வரைக்கும் குழந்தை இங்கயே இருக்கட்டும். தாயா உங்களுக்குக் கஷ்டமாதான் இருக்கும்."

"வெச்சுக்கோங்க சார்," என்றாள் அவன் மனைவி.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு தாயைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். பிறகு அளவீட்டுப் பெண்ணிடம், "அந்தப் பொம்மையை வாங்கி வெச்சுக்கம்மா," என்றார்.

அளவீட்டுப் பெண் கையை நீட்டினாள். அவன் மனைவி கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து, சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள். இத்தனை நாளாக அசையாத நிதானம் அந்த இடத்தில் உடைந்தது. அவள் உதடு நடுங்குவதைப் பார்த்ததும் பெயிண்டர் குறுக்கே வந்து நின்றான்.

"சார், உங்ககிட்ட இருக்கறதுதான் பொம்மை. எங்ககிட்ட இருக்கறது எங்க குழந்தை. பட்டையை மாத்தி மாட்டிட்டாங்க. இது ரப்பர் இல்ல சார், சதை. நீங்களே ஒரு தடவை பாருங்க."

இயக்குநர் கோபப்படவில்லை. அவன் தோளில் கை வைத்தார். "புது அப்பாக்களுக்கு இந்த மாதிரி வரும். தன் குழந்தை தன்னோடது இல்லன்னு தோணும். பயப்படாதீங்க. பட்டை என்ன சொல்லுது?" என்று அளவீட்டுப் பெண்ணைக் கேட்டார்.

அவள் டேப்லட்டைத் தட்டினாள். "பயிற்சிப் பொம்மைன்னு சொல்லுது சார்."

"பாத்தீங்களா?"

"பட்டையை இல்ல சார், முகத்தைப் பாருங்க."

"நேரா பாக்கறதில்லங்கறதுதான் எங்க கொள்கையே," என்றார் இயக்குநர், வருத்தத்தோடு.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்துக்கொண்டது. வீல் என்று அழுதது. முகம் கன்றிப்போக, காலை உதைத்துக்கொண்டு, அந்த வராந்தாவே அதிர அழுதது. இயக்குநர் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, இப்படிச் சத்தம் போடுது?"

"இதுல கொஞ்ச நாளாவே கோளாறு சார்," என்றாள் அளவீட்டுப் பெண். "நினைச்ச நேரத்துக்கு அழுவுது. சூடாகுது. எங்கிருந்தோ ஒழுகுது. பட்டையில எப்பப் பாத்தாலும் மஞ்சள், சிவப்பு."

"இதை வெச்சா தாய்மாருங்களுக்குப் பயிற்சி குடுத்தோம்? நிஜக் குழந்தை இப்படியா இருக்கும்? குழு வர்ற நேரத்துல இது கண்ணுலயே படக் கூடாது. பழுதுன்னு எழுதித் தள்ளிரு."

அளவீட்டுப் பெண் பட்டையை வெட்டி எடுத்தாள். 'கழிவு' என்று அச்சடித்த சீட்டு ஒன்றைக் குழந்தையின் துணி மேல் ஒட்டினாள். பழுதான சாமான்கள் முன்வாசல் வழியாகப் போகக் கூடாது, பின்பக்கம் குப்பை வண்டி வரும் வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி.

"நானே கொண்டுபோய்ப் போட்டுர்றேன் சார்," என்றான் பெயிண்டர். "பெயிண்ட் டப்பா கொண்டுவந்த வழிதான். எனக்குத் தெரியும்."

அவன் மனைவி வெறுங்கையோடு முன்வாசல் வழியாகப் போனாள். குழந்தையை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிற தாய் என்று வாசல் காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்தானாம். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, தையல் வலியையும் பொருட்படுத்தாமல் ஓட்டமும் நடையுமாக அவள் பின்பக்கம் வந்தபோது, பெயிண்டர் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் குழந்தையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தான். அவள் வாங்கிக்கொண்டு முதல் வேலையாக அந்தச் சீட்டைப் பிய்த்தாள். அது லேசில் வரவில்லை. பெயிண்டர் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். பசை கொஞ்சம் துணியில் நின்றுவிட்டது. அந்தத் துணியை அவள் எத்தனை தடவை துவைத்தும் அது போகவில்லை.

குழந்தை தவழத் தொடங்கியிருந்த சமயத்தில் மருத்துவமனையிலிருந்து அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அங்கீகாரம் கிடைத்துவிட்டதாம், பிரிவை இரண்டு மடங்காக்குகிறார்களாம், அதே அமைதிப் பச்சை வேண்டுமாம். "அந்தப் பக்கமே போகாதீங்க," என்றாள் மனைவி. கையில் வேறு வேலை இல்லை. போனான்.

வராந்தாவின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை படுத்திருந்தது. 'பிறந்த நாள் முதல் பச்சை' என்று பலகை வைத்திருந்தார்கள். பிரிவின் கௌரவக் குழந்தை என்று கீழே போட்டிருந்தது. முடியில் தூசு படிந்திருந்தது. பெயிண்டர் அதைக் கடந்து, தூரிகையும் வாளியுமாக வார்டுக்குள் போனான்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசு. நைட்டியின் முன்பக்கம் நனைந்திருந்தது. துணியில் சுற்றிய ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, அமைதி அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு குழந்தை தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது.

பெயிண்டர் வாளியைக் கீழே வைத்தான். "ஒரு நிமிஷம்மா," என்று பக்கத்தில் போய்க் குனிந்து, அவள் அணைத்திருந்ததன் உள்ளங்கையில் தன் விரலை வைத்தான். அவள் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தாள்.

அவன் காத்திருந்தான். விரலைக் கொஞ்சம் அழுத்தியும் பார்த்தான். கை மூடவில்லை.

இந்தத் தடவை தவறு எதுவும் நடந்திருக்கவில்லை. அது பொம்மைதான்.